மாதம் 69 ரூபாய் ஹோஸ்டிங்: பணம் கட்டும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொந்தமாக ஓர் இணையதளம் வேண்டும் என்று ஹோஸ்டிங் (தளத்தை வைக்க வாடகைக்கு இடம் தரும் சேவை) தேட ஆரம்பித்தால் முதலில் கண்ணில் படுவது விலைதான். மாதம் 69 ரூபாய், 79 ரூபாய், 99 ரூபாய். ஒரு வேளை டிபன் காசு. அந்த விலை பொய்யல்ல, ஆனால் முழு விலையும் அல்ல.

மாதம் 69 என்பது பெரும்பாலும் நான்கு ஆண்டுக்கும் சேர்த்து இன்றே மொத்தமாகக் கட்டுபவருக்கான விலை. ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 48 மாதத்துக்கு 3,312 ரூபாய். அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்ந்தால் 3,908. நான்கு ஆண்டு முடிந்ததும் ரெனியூவல் மாதம் 349 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அடுத்து வரும் ஒரே ஓர் ஆண்டுக்கு ஜிஎஸ்டியோடு 4,942 ரூபாய் ஆகிறது. முன்பு நான்கு ஆண்டுக்குக் கட்டியதைவிட அதிகம். சந்தையில் இருக்கும் பல மலிவுத் திட்டங்கள் இந்த மாதிரிதான் இருக்கின்றன. ரெனியூவல் விலையை அவர்கள் மறைப்பதில்லை, பெரிய எழுத்து விலைக்குக் கீழே வெளிர் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். முதலில் படிக்க வேண்டியது அந்த வரியைத்தான்.

மலிவாக வாங்குவதில் தவறே இல்லை. சில நூறு பேர் படிக்கும் தனிமனிதர் தளத்துக்கு மலிவு ஹோஸ்டிங் தாராளமாகப் போதும். பிடிக்காவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்ப முடியாதபடி மாட்டிக்கொள்வதுதான் பிரச்சினை. மாத விலை கொஞ்சம் கூடினாலும் முதல் முறை ஓர் ஆண்டுக்கு மட்டும் வாங்குங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். சர்வர் எப்படி ஓடுகிறது, சப்போர்ட் எப்படிப் பேசுகிறது என்று தெரியாமல் நான்கு ஆண்டுப் பணத்தைக் கொடுப்பது வேண்டாம்.

பணம் கட்டும் பக்கத்திலும் நிதானம் வேண்டும். தினசரி பேக்கப், தளப் பாதுகாப்பு, தேடுபொறிக் கருவி, தனி மெயில் என்று நாம் கேட்காததெல்லாம் முன்கூட்டியே டிக் அடிக்கப்பட்டு பில்லில் ஏறியிருக்கும். கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பதையும், ‘இன்னும் பத்து நிமிடத்தில் சலுகை முடிகிறது’ என்று பொய்யாக அவசரப்படுத்துவதையும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட விதிகள் தடை செய்கின்றன. அப்படிப் பணம் போனால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். தளத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையே போகும் தகவலைப் பூட்டி அனுப்ப உதவும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனியாக ஆயிரம், இரண்டாயிரம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு 2015 முதல் அதை இலவசமாகவே கொடுக்கிறது. ஒழுங்கான ஹோஸ்டிங் எதுவானாலும் ஒரு பட்டனைத் தட்டினால் அது வந்துவிடும். இந்தக் காலத்திலும் அதற்குக் காசு கேட்கிற திட்டத்தை நான் வாங்க மாட்டேன்.

உங்களுக்கு ஹோஸ்டிங் தேவையா?

இதைக் கேட்காமலே பலர் வாங்கிவிடுகிறார்கள். கட்டுரை, கவிதை, ஊர் வரலாறு, கொஞ்சம் படங்கள், இவ்வளவுதான் என்றால் கூகுளின் பிளாக்கரில் இலவசமாக எழுதலாம். சொந்த டொமைனை, அதாவது தள முகவரியை, அதில் இணைத்துவிட்டால் பார்ப்பவருக்கு அது உங்கள் தளம்தான். ஆண்டுச் செலவு டொமைனுக்கு மட்டும். கொஞ்சம் தொழில்நுட்பம் தெரிந்தவர் என்றால் கிட்ஹப் பேஜஸ், கிளவுட்ஃபிளேர் பேஜஸ் என்ற இலவச இடங்கள் இருக்கின்றன. கிட்ஹப்பில் தளம் 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும், கடை நடத்தக் கூடாது. தனிமனிதர் தளத்துக்கு இரண்டுமே இடைஞ்சல் இல்லை.

இலவச இடத்தில் ஒரே ஆபத்து, கடையை எப்போது மூடுவார்கள் என்று சொல்ல முடியாது. ஒரு காலத்தில் உலகமே தளம் கட்டிய ஜியோசிட்டீஸை யாஹூ 2009 அக்டோபரில் மூடியது. அதனால் இலவசமோ காசோ, முகவரி உங்களுடையதாக இருக்க வேண்டும், எழுதியதன் நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ்தான் வேண்டும், விருப்பப்படி மாற்றி அமைக்க வேண்டும் என்பவர்களுக்குத்தான் காசு கொடுத்து ஹோஸ்டிங். அவர்கள் அடுத்து ஏமாறும் இடம் ‘அன்லிமிடெட்’, அதாவது அளவில்லா இடம் என்ற வாக்கு.

நமக்கு உண்மையில் எவ்வளவு இடம் வேண்டும்? எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூனிகோடு யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். ‘தமிழ்’ என்ற சொல்லில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என ஐந்து குறிகள், மொத்தம் 15 பைட். இந்தக் கணக்கில் ஆயிரம் சொல் கட்டுரை ஒன்று ஏறக்குறைய 30 கேபி. ஐந்நூறு கட்டுரை எழுதினாலும் 15 எம்பி. கைபேசியில் எடுத்து அப்படியே ஏற்றும் நாலு போட்டோ அதே இடத்தைப் பிடித்துவிடும். ஏற்றும் முன் படத்தைச் சுருக்கும் பழக்கம் இருந்தால், மிகச் சிறிய திட்டமே பல ஆண்டுகளுக்குப் போதும். நூறு ஜிபி, அளவில்லா ஜிபி என்பதெல்லாம் நாம் தொடப்போகாத எண்கள்.

நம்மைப் பிடிக்கும் எல்லைகள் வேறு. ஒன்று, எத்தனை கோப்புகள் வைக்கலாம் என்பது. அளவில்லா இடம் என்று விற்கும் திட்டத்திலும் விதிமுறைப் பக்கத்தில் ‘ஐனோடு’ என்று ஒரு வரம்பு இருக்கும். வேர்ட்பிரஸ் ஒரு படத்தை ஏற்றினால் பல அளவுகளில் ஆறேழு கோப்புகளாக அதை வெட்டி வைத்துக்கொள்ளும். பழைய பேக்கப்பும் மெயிலும் சேர்ந்தால் எண்ணிக்கை கண்மண் தெரியாமல் ஏறும். இன்னொன்று, ஒரே நேரத்தில் சர்வரின் பிராசஸரும் நினைவகமும் உங்களுக்கு எவ்வளவு தருவார்கள் என்பது. உங்கள் கட்டுரை ஒன்று வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றத் தொடங்கி, கூட்டமாகப் படிக்க வரும் அந்த மாலையில் ‘508’ என்ற பிழையோடு தளம் நின்றுபோனால், இந்த வரம்பில்தான் முட்டியிருக்கிறது. சப்போர்ட்டில் கேட்டால் பெரிய திட்டத்துக்கு மாறச் சொல்வார்கள். மாறும் முன் ஒரு கேஷ் பிளகின் (பக்கங்களைத் தயாராக எடுத்து வைத்துக் கொடுக்கும் துணைநிரல்) போட்டுப் பாருங்கள். எழுத்து மட்டும் உள்ள தளங்களுக்குப் பெரும்பாலும் அதுவே போதும்.

டொமைன் யார் பெயரில் இருக்கிறது?

இருப்பதிலேயே பெரிய நஷ்டம் இங்கேதான் வருகிறது. ஹோஸ்டிங் போனால் வேறொன்று வாங்கலாம். டொமைன் போனால் பல ஆண்டுகளாக மற்றவர்கள் கொடுத்த இணைப்பு, விசிட்டிங் கார்டில் அச்சடித்த முகவரி, மெயில் எல்லாம் ஒன்றாகப் போய்விடும்.

ஊரில் வழக்கமாக நடப்பது இது. தெரிந்த தம்பி ஒருவர் தளம் செய்து தருகிறார். அவசரத்துக்கு டொமைனைத் தன் கணக்கிலேயே, தன் மெயில் முகவரி கொடுத்துப் பதிவு செய்துவிடுகிறார். ஏமாற்றும் எண்ணமெல்லாம் இல்லை. மூன்று ஆண்டு கழித்து அவர் வேறு வேலைக்குப் போயிருப்பார், போன் நம்பர் மாறியிருக்கும். ரெனியூவல் நினைவூட்டல்கள் யாரும் திறக்காத மெயிலில் விழுந்துகொண்டிருக்கும். டொமைன் காலாவதியாகி வேறு யார் கைக்கோ போயிருக்கும். ஒருநாள் தளத்தைத் திறந்தால் ரம்மி விளம்பரம். செய்து தருபவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், டொமைன் நிறுவனத்தில் கணக்கு உங்கள் மெயிலில் திறக்கப்பட வேண்டும், ஓடிபி உங்கள் போனுக்கு வர வேண்டும். இப்போதே உள்ளே நுழைந்து பாருங்கள். நுழைய முடியவில்லை என்றால், அந்தத் தம்பி தொடர்பில் இருக்கும்போதே கணக்கை மாற்றி வாங்கிவிடுங்கள்.

‘ஹோஸ்டிங் வாங்கினால் டொமைன் இலவசம்’ என்பதையும் யோசித்து எடுங்கள். இலவசம் முதல் ஆண்டுக்கு மட்டும். ஹோஸ்டிங் பிடிக்காமல் 30 நாளுக்குள் ரீஃபண்ட் கேட்டால், டொமைனுக்கான தொகையைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார்கள். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால், அங்கே ஒரு தகராறு வரும்போது இரண்டும் சேர்ந்து சிக்கும். நான் எப்போதும் டொமைனை ஒரு நிறுவனத்திலும் ஹோஸ்டிங்கை இன்னொரு நிறுவனத்திலும் வைக்கத்தான் சொல்வேன். அப்படி இருந்தால் ஹோஸ்டிங் மாற்றுவது, டொமைன் கணக்கில் நேம்சர்வரை (முகவரி எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லும் அமைப்பை) மாற்றும் சில நிமிட வேலை.

99 ரூபாய் டொமைனும் இதே கதைதான். .காம் முகவரிகளை நிர்வகிக்கும் வெரிசைன், விற்பனை நிறுவனங்களிடம் வாங்கும் மொத்த விலையே 2024 செப்டம்பரில் 10.26 டாலர் ஆனது. அதை நூறு ரூபாய்க்குத் தருபவர் தன் கைக்காசைப் போட்டுத் தருகிறார், இரண்டாம் ஆண்டு நம்மிடம் எடுத்துக்கொள்வார். .காம் போல முகவரியின் கடைசியில் வரும் புதுப்புது பின்னொட்டுகளில் முதல் ஆண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் உள்ள வித்தியாசம் இன்னும் மோசம், நூறு ரூபாய் இரண்டாயிரம், மூவாயிரம் ஆகும். தனிமனிதர் தளத்துக்கு .காம் அல்லது .இன் போதும். முழுக்க இலவசமாகக் கிடைத்த .டிகே (.tk) முகவரிகளை நம்பியவர்களின் நிலை என்ன ஆனது என்றால், அவற்றைக் கொடுத்துவந்த ஃப்ரீநோம் நிறுவனம் 2023இல் புதிய பதிவுகளை நிறுத்தி, அடுத்த ஆண்டே அந்தத் தொழிலை விட்டு வெளியேறியது.

பேக்கப்பும் தமிழும்

‘நாங்களே தினமும் பேக்கப் எடுக்கிறோம்’ என்ற வாக்கியத்தை நம்பி இருந்துவிடாதீர்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் தீப்பிடித்து, ஒரு கட்டடம் முழுவதும் எரிந்துபோனது. பேக்கப்பும் அதே கட்டடத்தில் இருந்தவர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை. இத்தனைக்கும் ஐரோப்பாவின் மிகப் பெரிய ஹோஸ்டிங் நிறுவனங்களில் அது ஒன்று. மலிவுத் திட்டங்களின் விதிமுறையைப் படித்தால், பேக்கப் ஒரு கூடுதல் உதவிதான், அதற்கு உத்தரவாதம் இல்லை என்று எழுதியிருக்கும். மாதம் ஒருமுறை கோப்புகளையும், கட்டுரைகள் சேமிக்கப்படும் டேட்டாபேஸையும் உங்கள் கணினிக்கே இறக்கி வையுங்கள். இறக்க விடாத, அல்லது அதற்குத் தனிக் கட்டணம் கேட்கும் திட்டம் என்றால் வாங்கவே வேண்டாம்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இங்கே இன்னொரு வேலை இருக்கிறது, ஆங்கிலத்தில் வரும் ஹோஸ்டிங் ஆலோசனைகளில் இதை அதிகம் பார்க்க முடியாது. டேட்டாபேஸ் ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய லத்தீன் குறியீட்டில் அமைந்திருந்தால், தளத்தில் தமிழ் சரியாகவே தெரியும். ஆனால் வேறு சர்வருக்கு மாற்றும் நாளில் பத்தாண்டு எழுத்து முழுவதும் கேள்விக்குறிகளாகவோ, கொக்கி போட்ட ஐரோப்பிய எழுத்துகளாகவோ வந்து நிற்கும். கேள்விக்குறியாக மாறியதை மீட்கவே முடியாது. வாங்கிய முதல் வாரத்திலேயே, ரீஃபண்ட் காலம் முடியும் முன், சோதித்துவிடுங்கள். ஒரு தமிழ்க் கட்டுரை போடுங்கள், கீழே ஒரு சிரிக்கும் முகத்தையும் (எமோஜி) சேருங்கள். ஹோஸ்டிங் கணக்கில் இருக்கும் பிஎச்பிமைஅட்மின் என்ற கருவியில் டேட்டாபேஸை எக்ஸ்போர்ட் செய்து, அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். அதில் தமிழ் தமிழாகப் படிக்க முடிந்தால் நல்லது. அட்டவணைகளின் குறியீடு ‘யுடிஎஃப்8எம்பி4’ என்று இருக்க வேண்டும். வேர்ட்பிரஸ் 2015 முதல் இதைத்தான் பயன்படுத்துகிறது. சும்மா யுடிஎஃப்8 என்று இருந்தால் தமிழ் பிழைத்துக்கொள்ளும், சிரிக்கும் முகத்தை அப்படியே சேமிக்க முடியாது.

சர்வர் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். சென்னையிலிருந்து அமெரிக்காவின் கிழக்குக் கரைக்குப் போய்வர, வேறு எந்தத் தாமதமும் இல்லை என்றாலே 130 மில்லிநொடிக்கு மேல் ஆகும். நடைமுறையில் 200ஐத் தாண்டும். பக்கத்தின் முதல் எழுத்து வருவதற்குள் இப்படி மூன்று முறையாவது போய்வர வேண்டும். மும்பை, சென்னை, சிங்கப்பூர் என்று கிடைத்தால் அதை எடுங்கள். உங்கள் வாசகர்கள் டொராண்டோவிலும் லண்டனிலும் யாழ்ப்பாணத்திலும் பரவி இருந்தால் படம் போன்ற கோப்புகளை வாசகருக்குப் பக்கத்துச் சர்வரிலிருந்து கொடுக்கும் கிளவுட்ஃபிளேரின் இலவசத் திட்டத்தைத் தளத்துக்கு முன்னால் வைத்துக்கொள்ளலாம். 99.9 சதவீத அப்டைம் (தளம் நிற்காமல் ஓடும் நேரம்) உத்தரவாதம் என்பதற்குப் பெரிய மதிப்புக் கொடுக்காதீர்கள். மாதத்துக்கு 43 நிமிடம் தளம் விழுந்தாலும் அந்த வாக்கு காப்பாற்றப்பட்டதாகத்தான் கணக்கு.

‘சிறந்த பத்து ஹோஸ்டிங்’ பட்டியல்களைப் படித்துத் தேர்ந்தெடுப்பதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. ஒருவரைச் சேர்த்துவிட்டால் எழுதியவருக்குப் பல டாலர் கமிஷன் வரும் தொழில் இது. யார் அதிகம் தருகிறாரோ அவர் முதலிடத்தில் இருக்கலாம். பட்டியலில் போட்டியாளர்களாகத் தெரிபவர்கள் ஒரே வீட்டுப் பிள்ளைகளாகவும் இருப்பார்கள். புளூஹோஸ்ட், ஹோஸ்ட்கேட்டர், பிக்ராக் மூன்றும் 2021இல் உருவான நியூஃபோல்ட் டிஜிட்டல் குழுமத்தின் கீழ் வந்தவை. பட்டியலைவிட, ஏற்கெனவே ரெனியூவல் கட்டிய ஒருவரிடம் கேளுங்கள். இரண்டாம் முறை பணம் கட்டியவருக்குத்தான் உண்மை நிலவரம் தெரியும். வாங்கும் முன் சாட்டில் மூன்று கேள்வி கேட்டு, பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்: ரெனியூவல் ஜிஎஸ்டியோடு எவ்வளவு, எத்தனை கோப்பு வரை அனுமதி, முழு பேக்கப்பை நானே இறக்கிக்கொள்ளலாமா.

கடைசியாக, ஆட்டோ ரெனியூவல் போட்டிருக்கிறோம் என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதிப்படி, கார்டில் தானாகப் பணம் எடுக்க முன்கூட்டியே பதிவும் அறிவிப்பும் வேண்டும். அந்த ஏற்பாட்டில் சேராத வெளிநாட்டு நிறுவனங்களில் நம் கார்டு மறுக்கப்பட்டுவிடும். தளம் நின்ற பிறகுதான் நமக்கே தெரியும். .காம் முகவரி காலாவதியானால் நிறுவனத்தைப் பொறுத்துச் சில வாரம் வழக்கமான விலையிலேயே புதுப்பிக்க விடுவார்கள். அதையும் தாண்டினால் 30 நாள் மீட்புக் காலம், அப்போது அபராதமே பல ஆயிரம். காலாவதி தேதிக்கு இரண்டு மாதம் முன்பு போனில் ஒரு அலாரம் வைத்து, நீங்களே உள்ளே போய்ப் பணம் கட்டுங்கள். வேறு நிறுவனத்துக்கு மாற்றும் எண்ணம் இருந்தாலும் அந்த இரண்டு மாத இடைவெளியிலேயே செய்துவிடுங்கள். மாற்றும்போது கட்டும் தொகையில் ஓராண்டு ரெனியூவலும் சேர்ந்தே வரும். புதிதாக வாங்கிய டொமைனை மட்டும் முதல் 60 நாளுக்கு நகர்த்த முடியாது.