எய்ட்டும் எட்டும் சொந்தமா?

ஆங்கிலச் சொல் ஒன்றின் வேரைத் தேடும்போது முதல் சறுக்கல் காதில்தான் நேர்கிறது. எய்ட் என்றால் எட்டு. ஒலியும் பொருளும் ஒத்துப்போகின்றன, அப்புறம் என்ன சந்தேகம்? ஆனால் இரண்டின் பழைய வடிவங்களையும் எடுத்துப் பாருங்கள். லத்தீனில் ஆக்டோ, சமஸ்கிருதத்தில் அஷ்ட என்பவை எய்ட்டின் உறவுகள். பழைய ஆங்கிலத்திலேயே நடுவில் ஒரு 'ஹ்' ஒலி இருந்தது. இன்றும் எழுத்தில் ஊமையாக நிற்கும் 'ஜிஹெச்' அதன் மிச்சம். தமிழ்ப் பக்கம் எண்பது, எண்ணூறு, எண்திசை, கன்னடத்தில் எண்ட்டு. அடி 'எண்' என்று தெரிகிறது. சொந்தம் என்றால் பின்னால் போகப் போக நெருங்கி வர வேண்டும். இவையோ விலகிப் போகின்றன.

லத்தீன் தெரிந்தவர்களும் இதே குழியில் விழுவார்கள். ஹேவ் என்பதற்கு லத்தீனில் ஹாபேரே; பொருளும் அதேதான். ஆனாலும் உறவில்லை. லத்தீனில் 'க' இருக்கும் இடத்தில் ஆங்கிலத்தில் 'ஹ' வரும்: கொம்புக்கு அங்கே கோர்னு, இங்கே ஹார்ன். ஜெர்மன் மொழியறிஞர் யாக்கோப் கிரிம் 1822இல் வகுத்துக் காட்டிய ஒலிமாற்றங்களில் இதுவும் ஒன்று. அதன்படி ஹேவுக்கு உறவு, 'பிடி' என்று பொருள்படும் காபேரே. ஒத்த ஒலியைவிட ஒழுங்காக மாறிய ஒலியைத்தான் நம்பலாம்.

எழுத்துக்கூட்டலும் ஏமாற்றும். ஐலண்ட் என்ற சொல்லில் உச்சரிக்காத 'எஸ்' பழைய ஆங்கிலத்தில் கிடையாது. லத்தீன் வழி வந்த, தீவையே குறிக்கும் ஐல் என்ற வேறு சொல்லைப் பார்த்துப் பிற்காலத்தில் செருகிவிட்டார்கள். நான்கு திசைகளின் முதலெழுத்து சேர்ந்து நியூஸ் ஆனது என்பதெல்லாம் வெறும் கதை. புதியது என்ற சொல்லின் பன்மைதான் அது.

சரி, நமக்குப் பிடித்த கேஷுக்கு வருவோம். காசிலிருந்து வந்ததென்று அடித்துச் சொல்வார்கள். பாதிதான் சரி. ரொக்கம் என்ற பொருளில் வரும் கேஷுக்கு மூலம் பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்கள். அவற்றுக்கு முன் லத்தீன் காப்ஸா. அதுவும் காபேரேயில் பிறந்ததே, ஆக கேஷும் ஹேவும் தூரத்துச் சொந்தம். கீழை நாடுகளின் சிறு நாணயத்துக்கு ஐரோப்பியர் வைத்த கேஷ் என்ற பெயர் வேறு சொல். அதுதான் போர்ச்சுகீசியர் வாய்வழி போன நம் காசு. நல்ல அகராதியில் இரண்டும் தனித்தனிப் பதிவாக இருக்கும். முதல் பதிவோடு மூடிவிடாதீர்கள்.