உங்கள் ஏர் பிஸ்டலுக்கு எந்த பெல்லட்?

10 மீட்டர் போட்டிக்குத் தட்டைமுனை பெல்லட்தான் (சிறிய ஈயக்குண்டு) சரி. கூர்முனை பெல்லட் காகிதத்தைக் கிழித்துவிடும். தட்டைமுனையோ பஞ்ச் போட்டதுபோல வட்டமாக வெட்டும், புள்ளி பார்ப்பதில் சண்டை வராது.

காலிபர் (பேரல் துளையின் அளவு) 4.5 மி.மீ. என்றாலும் பெல்லட்டின் தலை அளவு 4.49, 4.50, 4.51 என வேறுபடும். எது பொருந்தும் என்பதை உங்கள் பேரல்தான் சொல்லும். பிஸ்டலை ரப்பர் பட்டை வைத்து மேசையில் இறுக்குங்கள். காற்று சிலிண்டரைப் பிடித்து இறுக்கவே கூடாது. சிலிண்டரில் காற்றழுத்தம் போதுமா என்று மானோமீட்டரைப் பாருங்கள், குறைந்திருந்தால் சோதனையே வீண். பெல்லட்டை மாற்றும்போதெல்லாம் முதல் 10 குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்: பழைய ஈயப்படிவு பேரலில் இருக்கும்.

பிறகு ஒவ்வோர் அளவிலும் 10 குண்டு வீதம் மூன்று தாள்கள். துளைக்கூட்டத்தின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புவரை அளந்து, குண்டின் விட்டமான 4.5 மி.மீ.ஐக் கழியுங்கள். வரும் அளவு எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது: 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ.தான். ஒரே ஒரு நல்ல தாளை நம்பாதீர்கள்; மூன்றின் சராசரியே முக்கியம்.

ஒரு குண்டு மட்டும் தனியாக விலகுகிறதா? பெல்லட்டின் பாவாடை (பின்பக்கம் விரிந்த பகுதி) விளிம்பைப் பாருங்கள். நகம் பட்ட அளவு நெளிந்திருந்தாலும் காற்று ஒரு பக்கம் கசியும், குண்டு ஆடிக்கொண்டே போகும். வெள்ளைத் துணியில் கொட்டி, நெளிந்ததை ஒதுக்குங்கள். டப்பாவைக் குலுக்காதீர்கள்.

ஈயம் நஞ்சு, சோப்பால் கை கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள்.