சர்வீஸ்பெர்ரி: அடையாளம் காண்பதும் வளர்ப்பதும்

வசந்தம் தொடங்கும்போது மற்ற புதர்கள் எல்லாம் இன்னும் மொட்டையாக நிற்க, ஒன்று மட்டும் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது சர்வீஸ்பெர்ரி என்ற பழப்புதராக இருக்கலாம். இருக்கலாம், அவ்வளவுதான். காட்டுச் செர்ரிகளில் சிலவும் ஏறக்குறைய அதே சமயத்தில் வெள்ளையாகத்தான் பூக்கும், அதனால் தூரத்தில் இருந்து பூவைப் பார்த்துப் பெயர் சொல்லாதீர்கள்.

கிட்டே போய்ப் பாருங்கள். ஐந்து இதழ்களும் நாடாத் துண்டு மாதிரி ஒல்லியாக, ஒன்றையொன்று தொடாமல் விலகி நிற்கும். செர்ரியின் இதழ் அகலமாக இருக்கும். அப்புறம் பட்டை. சர்வீஸ்பெர்ரியின் பட்டை சாம்பல் நிறம், வழவழப்பு, மேலிருந்து கீழாக ஓடும் கருங்கோடுகள். செர்ரிப் பட்டையிலோ கோடுகள் குறுக்கே கிடக்கும். இலை முளைத்த பிறகு என்றால் காம்பைத் தடவிப் பாருங்கள், இலை தொடங்கும் இடத்தில் குட்டி மரு மாதிரி சுரப்பிகள் தட்டுப்பட்டால் அது செர்ரி. இலையே இல்லாத குளிர்காலத்தில் மொட்டுதான் துணை: சர்வீஸ்பெர்ரியில் அது நீளமாக, கூராக, பெரும்பாலும் செம்பழுப்பு சாயலில் இருக்கும்.

பழத்தின் நுனியில் ஐந்து முனை கொண்ட சின்னக் கிரீடம் இருக்கும். பெயரில்தான் பெர்ரி, உண்மையில் இது ரோஜாக் குடும்பத்தில் ஆப்பிளுக்கு நெருங்கிய சொந்தம். பிளந்தால் செர்ரி போல ஒற்றைக் கொட்டை இருக்காது, பல குட்டி விதைகள் இருக்கும். கிரீடத்தை மட்டும் நம்பிவிடவும் கூடாது, அரோனியா என்ற இன்னொரு பழப்புதருக்கும் அது உண்டு. அரோனியா இலையின் நடுநரம்பின் மேல் கரும்புள்ளிகளாகச் சுரப்பிகள் தெரியும், பழமும் நாக்கை இழுக்கும். இலை, பட்டை, பழம் எல்லாம் ஒத்துப்போன பிறகே வாயில் வையுங்கள்.

சரி, வளர்ப்பதற்கு வருவோம். குளிர்காலமே இல்லாத ஊரில் இதற்காகப் பணம் செலவழிக்க வேண்டாம், செடி உறங்கி எழ நல்ல குளிர் தேவை. சர்வீஸ்பெர்ரியில் பல இனங்கள் உண்டு, வாங்கும்போது எந்த இனம் என்று கேளுங்கள். அல்னிஃபோலியா (சாஸ்கட்டூன்) பழத்துக்குப் பேர்போனது, கடுங்குளிரையும் தாங்கும். லேவிஸின் இளந்தளிர் வெண்கல நிறம், அர்போரியாவின் தளிரில் வெண்மயிர். கனடென்சிஸ் என்று சீட்டு கட்டி லமார்க்கியை விற்பது நர்சரிகளில் நடக்கிற கதைதான்.

வெயில் நன்றாக விழும், தண்ணீர் தேங்காத இடம். அரை நிழலிலும் வளரும், ஆனால் காய்ப்பு குறையும். குழி அகலமாக இருக்கட்டும், ஆழம் வேண்டாம். வேர் பிரியும் இடம் தரைமட்டத்திலேயே நிற்க வேண்டும். என் முதல் செடியை ஆடக்கூடாது என்று அரையடி கீழே இறக்கிவிட்டேன், இரண்டு வருஷம் அப்படியே முறைத்துக்கொண்டு நின்றது. 5 முதல் 8 செ.மீ. மூடாக்கு (மண்மேல் பரப்பும் சருகு, மரச்சீவல்) போடுங்கள், தண்டை ஒட்டாமல். முதல் இரண்டு வருஷம் மண் காயாமல் தண்ணீர், அதற்குப் பிறகு பெரிய வேலை இல்லை. விதையிலிருந்து என்றால் ஈரமணலில் கலந்து குளிர்சாதனப் பெட்டியில் 3 முதல் 4 மாதம் வைத்தால்தான் முளைக்கும். தூரில் வரும் பக்கக்கன்றை வேரோடு பிரித்து நடுவது இதைவிடச் சுலபம்.

கவாத்து குளிர்காலக் கடைசியில், மிகப் பழைய தண்டுகள் ஒன்றிரண்டைத் தரையோடு வெட்டினால் போதும். பக்கத்தில் ஜூனிப்பர் (ஊசியிலைச் செடி) இருந்தால் துருநோய் என்ற பூஞ்சை நோய் வரலாம், இலையிலும் காயிலும் ஆரஞ்சுப் புள்ளிகளாகத் தெரியும்.

பழம் சிவந்து, பிறகு கருநீலமாகும்போதுதான் இனிப்பு. பறவைகள் அதுவரை காத்திருப்பதில்லை, அதனால் சிவப்பு ஏறத் தொடங்கும் முன்பே வலையைக் கட்டி, ஓரங்களில் இடைவெளி இல்லாமல் தண்டோடு சேர்த்து முடிந்துவிடுங்கள்.