கோர்சிகாவில் டென்ட் போடப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

மத்தியதரைக் கடலில் இருக்கிற பிரெஞ்சுத் தீவான கோர்சிகா என்றதும் நீலக் கடலும் வெள்ளை மணலும்தான் கண்ணுக்கு முன்னால் வருகின்றன. கடற்கரைக்குப் போகிற நினைப்பிலேயே மூட்டை கட்டிவிடுகிறார்கள். ஆனால் அது கடலுக்குள் நிற்கிற மலை. தீவின் அகலமே அதிகம் போனால் 83 கிலோமீட்டர். அதற்குள் மோந்தே சிந்தோ சிகரம் 2,706 மீட்டர் எழும்பி நிற்கிறது. அங்கே நடக்கிற சொதப்பல்களில் பாதி இதை மறந்ததால் வருபவை.

முதலாவது, வரைபடத்தில் கிலோமீட்டரை எண்ணுவது. கால்வியிலிருந்து போர்த்தோவுக்குக் கடலோரமாகப் போகும் சாலை நூறு கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், வளைவு திரும்பினால் நடுரோட்டில் மாடு. போர்த்தோவைத் தாண்டிப் போனால், பியானா அருகே செம்பாறைகளுக்கு நடுவே பெரிய வண்டி எதிரே வந்தால் யாராவது ஒருவர் பின்னால் எடுத்தாக வேண்டும். கிளம்பத் தாமதமானால் இருட்டில் போய்ச் சேர்ந்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு டென்ட் கட்ட வேண்டியதுதான்.

கட்டுகிற இடத்தில் அடுத்த வம்பு. டென்டோடு வரும் மெல்லிய அலுமினிய முளைகள் புல்தரைக்கு ஆனவை. இங்கே ஒரு விரற்கடை மண்ணுக்குக் கீழே கருங்கல். நான் முதல் நாள் அடித்த எட்டில் ஐந்து கொக்கி மாதிரி வளைந்துவிட்டன. கடைசியில் கயிற்றைக் கல்லில் சுற்றித்தான் சமாளித்தேன். தடித்த எஃகு முளை, ஒரு சுத்தியல், கூடுதலாகக் கொஞ்சம் கயிறு, இவை போதும். சுத்தியல் இல்லாவிட்டால் பக்கத்து டென்டில் கேளுங்கள், கொடுப்பார்கள். பாதிப் பேர் அப்படித்தான் பழகிக்கொள்கிறார்கள்.

கேம்பிங்குக்கு என்று உள்ள இடத்தைவிட்டு, ஆளில்லாத கடற்கரையில் ஒரு ராத்திரி தானே என்று படுப்பதும் வேண்டாம். தீவில் அதற்குத் தடை இருக்கிறது. அபராதம் 1,500 யூரோ வரை போகலாம்.

இப்போது மரத்தடி. வெயிலுக்குப் பயந்து எல்லோரும் பெரிய மரத்தின் நிழலைத்தான் பிடிக்கிறார்கள், நானும் அப்படித்தான் தேடுவேன். 2022 ஆகஸ்ட் 18 காலையில் ஒரு புயல் தீவின் மேற்குக் கரையில் மோதியது. மரிஞானாவில் காற்றின் வேகம் மணிக்கு 224 கிலோமீட்டரைத் தொட்டது. அன்று ஐந்து பேர் இறந்தார்கள். சாகோனில் கேம்பிங்கில் இருந்த 13 வயதுச் சிறுமி மேல் மரம் விழுந்தது. முந்தின இரவு அமலில் இருந்தது வானிலைத் துறையின் வெறும் மஞ்சள் எச்சரிக்கை. அதைவிடக் கடுமையான ஆரஞ்சு நிறத்துக்கு மாற்றியபோது புயல் கரைக்கே வந்துவிட்டிருந்தது. ஆகவே வானிலைச் செயலியில் என்ன நிறம் என்பதை மட்டும் நம்பிப் படுக்கக் கூடாது. தலைக்கு மேலே காய்ந்த கிளை இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். கூடவே, இரவில் ஓடிப் போய் ஒதுங்க எந்தக் கட்டடம் பக்கம் என்று வெளிச்சத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மரத்தடியைவிட, கொஞ்சம் தள்ளி மேலே துணி கட்டிக்கொள்வது மேல். அந்தத் துணியையும் இரவில் அவிழ்த்துவிட வேண்டும்.

ஆற்றுக் குளியலிலும் இதே கதைதான். கரையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். மலைமேல் மத்தியானம் இடி இடிக்கும். 2018 ஆகஸ்ட் 1 அன்று சோய்க்கு பள்ளத்தாக்கில் திடீரென வந்த வெள்ளம் ஐந்து பேரை அடித்துக்கொண்டு போனது. மேலே மேகம் கறுத்தால், அல்லது தண்ணீர் கலங்கினால், செருப்பைத் தேடாமல் மேட்டுக்கு ஏறுங்கள்.

நெருப்பைப் பற்றி விவாதமே கிடையாது. தீவைப் போர்த்தியிருக்கும் புதர்க்காட்டுக்கு மாக்கி என்று பெயர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரை எதிர்த்து ஒளிந்து போரிட்ட பிரெஞ்சுக்காரர்களுக்கும் இந்தப் பெயர்தான் ஒட்டிக்கொண்டது. ரோஸ்மேரியும் மிர்ட்டிலும் மணக்கிற அந்தக் காட்டின் இலைகளில் எண்ணெய் இருக்கிறது, கோடையில் ஒரு பொறி போதும். கேம்பிங்கில் பொது அடுப்பு இருந்தால் அங்கே சுட்டுக்கொள்ளலாம், இல்லையென்றால் ரொட்டியும் சீஸும். கேஸ் அடுப்பு கொண்டுபோகிறவர்கள் அதன் வாயைப் பார்த்துவிட்டுப் போகவும்: கேஸ் குப்பியை விமானத்தில் ஏற்ற முடியாது, அங்கே வாங்கலாம் என்று போனால் கடையில் அழுத்தி மாட்டுகிற வகை மட்டும் இருக்கலாம், உங்கள் அடுப்போ திருகுகிற வகையாக இருக்கும். இரண்டுக்கும் பொருந்துகிற இணைப்பு ஒன்று சின்னதாகக் கிடைக்கிறது.

சாப்பாட்டை டென்டுக்குள் வைத்துவிட்டு நீந்தப் போகாதீர்கள். தீவில் பன்றிகளை அவிழ்த்துவிட்டுத்தான் வளர்க்கிறார்கள். ஜிப் எப்படித் திறக்கும் என்று அதற்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மெனக்கெடாது. துணி கிழியும், அவ்வளவுதான்.

அப்புறம் அக்ரியாத், தீவின் வடக்கே இருக்கிற ஆளில்லாத வறண்ட பகுதி. அங்கே இருக்கிற சலேச்சியா கடற்கரையின் படத்தைப் பார்த்தவர்கள் வாடகைக் காரிலேயே கிளம்பிவிடுகிறார்கள். பிரதான சாலையிலிருந்து அதுவரை 12 கிலோமீட்டர் கல்லும் குழியுமான மண்பாதை. சாதாரணக் காரின் அடிவயிறு தாங்காது. சான் ஃப்ளோரான் துறைமுகத்திலிருந்து படகு போகிறது. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீரோடு ஏறுங்கள். திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே படகுக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.