மாற்று ரைஃபிள் ஸ்டாக்குகள்: உதையையும் கைவாகையும் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்களிடம் பரவலாகக் காணப்படும் போல்ட் வகை (ஒவ்வொரு தோட்டாவுக்கும் கைப்பிடியை இழுத்துத் தள்ளும்) ரைஃபிள்களில் ரெமிங்டன் 700 ஒன்று. 1962இல் வெளிவந்த இந்த மாடலின் ரிசீவர் (குழலையும் போல்ட்டையும் தாங்கும் உலோக உடல்) உருண்டையாகவும் எளிய அமைப்புடனும் இருப்பதால், அதற்குப் பொருந்தும் ஸ்டாக்குகளை, அதாவது ரைஃபிளைத் தோளில் வைத்துப் பிடிக்கும் கட்டைகளை, செய்து விற்பதே தனித் தொழிலாக வளர்ந்துவிட்டது. தெற்கு டகோட்டாவின் மிட்செல் ஊரில் பாய்ட்ஸ் நிறுவனம் மெல்லிய மரத் தகடுகளை அடுக்கி ஒட்டிக் கடைகிறது. அதே மாநிலத்தின் ராபிட் சிட்டியில் எச்-எஸ் பிரிசிஷன், உள்ளே ரிசீவர் அமர்வதற்கான அலுமினியப் படுகையைப் புதைத்து இழை ஸ்டாக் செய்கிறது. அரிசோனாவில் மெக்மில்லன் கண்ணாடியிழையிலும் கார்பன் இழையிலும் வார்க்கிறது. மேக்புல் 2015இல் ஹன்டர் 700 என்ற பாலிமர் ஸ்டாக்கைக் கொண்டுவந்தது. ஹோக் நிறுவனமோ விறைப்பான உட்கூட்டின் மேல் ரப்பரைப் போர்த்தித் தருகிறது. இவற்றின் விளம்பரங்கள் பெரும்பாலும் பொருளைப் பற்றியே பேசுகின்றன. ஆனால் சுடுகிறவரின் தோளும் கன்னமும் முதலில் உணர்வது வடிவத்தையும் அளவையும்தான் என்பதால், ஒப்பீட்டையும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

ஸ்டாக் எதை மாற்றும், எதை மாற்றாது

குண்டும் எரிந்த வெடிமருந்தும் முன்னால் பாயும்போது ரைஃபிளுக்குக் கிடைக்கும் பின்னோக்கிய உந்தம், எந்த ஸ்டாக்கைப் பூட்டினாலும் மாறாது. ஸ்டாக்கால் செய்ய முடிந்தவை நான்கு: மொத்த நிறையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம், உதை தோளில் விழும் பரப்பை அகலமாக்கலாம், ரப்பர் பேடு அமுங்குவதன் மூலம் அந்த உதையைச் சற்று நீண்ட நேரத்துக்குப் பரப்பலாம், ரைஃபிள் நேராகப் பின்னால் வருகிறதா, குழல் மேலே எகிறுகிறதா என்ற திசையை மாற்றலாம்.

நிறையின் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. .308 வின்செஸ்டர் தோட்டாவில் 150 கிரெய்ன் குண்டு, அதாவது ஏறத்தாழ 9.7 கிராம், விநாடிக்கு 860 மீட்டர் வேகத்தில் போவதாகக் கொள்வோம். ஸ்கோப்போடு சேர்த்து 3.6 கிலோ எடையுள்ள ரைஃபிளில் பின்னோக்கிய ஆற்றல் சுமார் 21 ஜூல் வரும். அதே ரைஃபிளில் அரைக்கிலோ கூடுதலான ஸ்டாக்கைப் பூட்டினால் அது 19 ஜூலுக்குச் சற்றுக் கீழே இறங்கும். எட்டில் ஒரு பங்கு குறைவு என்பது உணரத்தக்க வேறுபாடுதான். எனினும், கனமான ஸ்டாக்கை இலகுவான ஸ்டாக்கோடு ஒப்பிட்டுவிட்டு, 'இந்த வடிவம் உதையைக் குறைக்கிறது' என்று முடிவுகட்டினால், நிறையின் புண்ணியத்தை வடிவத்தின் பேரில் எழுதியதாகிவிடும்.

வடிவத்தில் முதலில் கவனிக்க வேண்டியது ஸ்டாக்கின் பின்முனை குழலின் கோட்டிலிருந்து எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்பது. பழைய மர ஸ்டாக்குகள் பலவற்றில் இது கணிசமாகத் தாழ்ந்திருக்கும். உதை குழலின் நேர்கோட்டில் பின்னால் வருகிறது, தோளோ அதற்குக் கீழே தாங்குகிறது, எனவே குழல் மேலே எகிறுகிறது, கூடவே ஸ்டாக்கின் மேல்விளிம்பு கன்ன எலும்பில் மோதுகிறது. பின்முனை உயர்ந்து நேராக இருக்கும் ஸ்டாக்கில் அதே உந்தம் தோளில் நேராக இறங்கும், தள்ளுவது அதிகமாகவும் எகிறுவது குறைவாகவும் இருக்கும். கன்னம் பதியும் மேடு முன்பக்கம் தாழ்ந்து பின்பக்கம் உயர்ந்திருந்தால், ரைஃபிள் பின்னால் வரும்போது மேடு கன்னத்தைவிட்டு விலகும். முன்பக்கம் உயர்ந்திருந்தால் முகத்துக்குள் ஏறும். இந்த ஒரு சரிவுக்காகவே விலையுயர்ந்த ஸ்டாக்கை விட்டுவிட்டு மலிவானதை எடுத்தாலும் தவறில்லை என்பது என் கருத்து.

சுடுவதற்கு முன் சமப்படுத்த வேண்டியவை

ஒப்பீட்டுக்கு ஒரே குழல், ஒரே ரிசீவர், ஒரே ஸ்கோப், ஒரே பெட்டித் தோட்டா இருக்க வேண்டும். நண்பரின் ரைஃபிளில் அவர் ஸ்டாக்கையும் உங்கள் ரைஃபிளில் உங்கள் ஸ்டாக்கையும் சுட்டுப் பார்ப்பது ஒப்பீடே ஆகாது. அவருடையதில் குழல் முனையில் உதையைக் குறைக்கும் பிரேக் பூட்டியிருந்தால், அந்த ஒன்றே மற்ற எல்லா வேறுபாட்டையும் விழுங்கிவிடும்.

டிரிகரிலிருந்து பின்முனை வரையுள்ள நீளத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஆலையில் வரும் ரைஃபிள்களில் இது பெரும்பாலும் பதின்மூன்றரை அங்குலத்தை ஒட்டியிருக்கும். ஹன்டர் 700இல் ஸ்பேசர்களை வைத்து 13 முதல் 15 அங்குலம் வரை மாற்றலாம். பாய்ட்ஸின் அட்-ஒன் வகையில் பொத்தானை அழுத்தி நீளத்தையும் கன்ன மேட்டின் உயரத்தையும் மாற்றலாம். ஒப்பிடும் ஸ்டாக்குகள் எல்லாவற்றையும் கூடியவரை ஒரே நீளத்துக்குக் கொண்டுவாருங்கள். நீளம் குறைந்தால் கட்டைவிரல் மூக்கருகே வரும், ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் இடிக்கும். கூடினால் ரைஃபிளை எட்டிப் பிடிக்க வேண்டியிருப்பதால் உதை தோளின் சதைப்பற்றான குழியை விட்டுப் புயமூட்டில் விழும். மிச்சிகனில் துப்பாக்கி மான் வேட்டை நவம்பர் 15 அன்று தொடங்குகிறது. அந்தக் குளிரில் போடும் தடித்த மேலங்கியோடு பார்த்தால் கோடையில் சரியாக இருந்த நீளம் அரை அங்குலம் கூடுதலாகத் தெரியும். ஆகவே எந்த உடையில் வேட்டையாடுவீர்களோ அந்த உடையிலேயே சோதியுங்கள்.

கன்ன மேடு போதாத ஸ்டாக்கில் தலையைத் தூக்கிப் பார்த்தால்தான் ஸ்கோப்பில் முழு வட்டம் தெரியும். அப்போது முகம் மரத்தைத் தொடாமல் நின்று, உதையின்போது அடி வாங்கும். இதைச் சரிசெய்யப் புது ஸ்டாக் வாங்க வேண்டியதே இல்லாமலும் போகலாம். அடர்த்தியான ஃபோம் துண்டை மேட்டின் மேல் வைத்துத் துணி டேப்பால் சுற்றி, கண் இயல்பாக ஸ்கோப்பின் நடுவே வரும்வரை உயரத்தைக் கூட்டிப் பாருங்கள். அந்த உயரத்தை அளந்து வைத்துக்கொண்டால், எந்த ஸ்டாக் உங்களுக்கு ஒத்துவரும் என்பதில் பாதி கேள்வி கடைக்குப் போகும் முன்பே தீர்ந்துவிடும்.

ரப்பர் பேடையும் பார்த்துக்கொள்ளுங்கள். பேக்மையர் டிசெலரேட்டர், லிம்ப்சேவர் போன்ற மென்மையான பேடுகள் ஒரு ஸ்டாக்கில் இருந்து மற்றதில் கடினமான மெல்லிய பேடு இருந்தால், நீங்கள் ஒப்பிடுவது பேடுகளைத்தான். முடிந்தால் எல்லாவற்றிலும் ஒரே பேடைப் போடுங்கள். முடியாவிட்டால் அந்த வேறுபாட்டைக் குறிப்பில் எழுதிவையுங்கள்.

வீட்டில் பார்க்கும் கைவாகு

ரைஃபிளுக்குள் தோட்டா ஏதும் இல்லை என்பதை இரண்டு முறை பார்த்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்து, கண்ணை மூடி, ரைஃபிளைத் தோளுக்குக் கொண்டுவந்து கன்னத்தைப் பதித்துவிட்டுக் கண்ணைத் திறங்கள். கழுத்தை அசைக்காமலே ஸ்கோப்பில் முழு வட்டமும் தெரிந்தால் ஸ்டாக் உங்கள் உடலுக்கு ஒத்துவருகிறது. ஓரத்தில் பிறை வடிவில் கறுப்பு தெரிந்தால், அது எந்தப் பக்கம் என்பதைக் குறியுங்கள். ஒவ்வொரு ஸ்டாக்குக்கும் பலமுறை செய்தால்தான் இது நம்பத்தக்கது, ஏனெனில் உடல் விரைவிலேயே தன்னைத் திருத்திக்கொள்ளும். முதல் சில முறைகளில் தெரிவதே ஸ்டாக்கின் உண்மையான இயல்பு.

அடுத்து, ரைஃபிளை ஒரு விரல்மேல் வைத்து எந்த இடத்தில் சமநிலை கொள்கிறது என்று பாருங்கள். ரிசீவரை ஸ்டாக்கோடு பூட்டும் முன் ஸ்க்ரூவுக்கு அருகே இருந்தால் நின்று சுடவும் தூக்கி நடக்கவும் வசதி. அதைவிட முன்னால் போகப் போக ரைஃபிள் ஆடாமல் நிற்கும், ஆனால் நகரும் மானைத் தொடர்வதில் மந்தப்படும். பேடின் மென்மைக்கும் இங்கே ஒரு விலை உண்டு. ஒட்டும் தன்மையுள்ள மென்ரப்பர், தோளுக்கு ஏற்றும்போது அங்கியின் அக்குள் துணியில் சிக்கி நின்றுவிடும். மேல்முனையில் வழவழப்பான கடினத் துண்டு பதித்த பேடுகள் இந்தக் குறையைப் போக்குவதற்காகவே செய்யப்படுகின்றன.

பிடியைப் பார்க்கும்போது நடுவிரலைக் கவனியுங்கள். டிரிகரைச் சுற்றியுள்ள வளையத்தின் பின்பகுதிக்கும் நடுவிரல் முட்டிக்கும் இடையே இடைவெளி இல்லாத ஸ்டாக், சில தோட்டாக்களிலேயே அந்த முட்டியைக் கன்றிப்போகச் செய்யும். தோள் வலியை எதிர்பார்த்துப் போகிறவர்கள் இதை எதிர்பார்ப்பதில்லை.

சுடுகளத்தில்

கண்ணுக்கும் காதுக்கும் காப்பு போட்டுக்கொண்டு, ஒவ்வொரு ஸ்டாக்கையும் ஐந்து தோட்டா வீதம் முன்பின்னாக மாற்றிச் சுடுங்கள்: முதலில் ஒன்று, பிறகு இரண்டாவது, மறுபடி அதே இரண்டாவது, கடைசியில் முதலாவது. ஒரே ஓட்டமாக ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால், பின்னால் வருவது களைத்த தோளின்மேல் விழுகிறது, அது பாவம் மோசமான பெயரை வாங்கிக்கொள்ளும். மேசையில் உட்கார்ந்து சுடும்போது உடல் பின்னால் அசைய இடமில்லாததால் உதை கடுமையாகத் தெரியும். நின்று சுட்டால் இடுப்பிலிருந்து மேல் முழுவதும் அதோடு சேர்ந்து பின்னால் போகும். ஆகையால் இரண்டு நிலையிலும் சுட்டு, இரண்டையும் தனித்தனியே மதிப்பிட வேண்டும்.

'உதை அதிகம், குறைவு' என்று எழுதுவதால் பயனில்லை. வெடித்த பிறகு ஸ்கோப்பின் குறுக்குக்கோடு எங்கே போய் நின்றது, குண்டு இலக்கில் பட்டதைக் கண்ணால் பார்க்க முடிந்ததா, வலி தோளின் எந்த இடத்தில், கன்னம் எரிந்ததா, அடுத்த தோட்டாவுக்குப் போல்ட்டை இழுக்கும்போது ரைஃபிள் தோளிலேயே நின்றதா என்று எழுதுங்கள். இவற்றில் இரண்டாவதே எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமான அளவுகோல், ஏனெனில் பட்டதைப் பார்க்க முடிகிற ஸ்டாக், உதையை நேர்கோட்டில் கொண்டுவருகிறது என்பதற்கு அதுவே சான்று. நண்பர் பக்கவாட்டில், பின்னால் தள்ளி நின்று, கைபேசியில் விநாடிக்கு 240 பிரேம் வேகத்தில் படம் பிடித்தால், குழல் எகிறும் உயரத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பொருள் எங்கே கணக்கில் வரும்

பொருள் இரண்டு வழிகளில்தான் உள்ளே வருகிறது: நிறை, விறைப்பு. அடுக்குமரம் கனமானது. அதனால் உதையில் நன்றாகத் தேறும், மலையேற்றத்தில் தோற்கும். கார்பன் இழை அதற்கு நேர்மாறு. கண்ணாடியிழையின் பலம் ஈரத்தில் தெரியும்: அமெரிக்க மரைன் படையின் எம்40 ரைஃபிள்களில் மர ஸ்டாக்குகள் வியட்நாமின் ஈரத்தில் கோணிப்போனதால், 1970களில் எம்40ஏ1 வந்தபோது மெக்மில்லனின் கண்ணாடியிழை ஸ்டாக்கைப் பூட்டினார்கள். ஹோக்கின் ரப்பர் உறை நனைந்த கைக்கு அருமையான பிடி தரும், ஆனால் உறை பின்னால் வரும் உந்தத்தைத் தணிக்கும் என்று நினைக்க வேண்டாம். முழு அலுமினியப் படுகை இல்லாத அதன் மலிவான வகையில் முன்கட்டை (குழலின் கீழுள்ள ஸ்டாக்கின் முன்பகுதி) வளையக்கூடியது. இருகால் தாங்கியை மாட்டி முன்னால் அழுத்தினால் முன்கட்டை குழலைத் தொடுகிறதா என்று குழலுக்கும் அதற்கும் இடையே ஒரு தாளை ஓட்டிப் பார்த்து அறியலாம். அலுமினியச் சட்டக வகைகள் படுத்துச் சுடுவதற்கு மிக நன்று. காட்டில் தோளில் தொங்கவிட்டு நடக்கவும், உறைபனியில் கன்னத்தைப் பதிக்கவும் நான் அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பூட்டும்போது

வாங்குவதற்கு முன் உங்கள் ரைஃபிள் குட்டை ரிசீவரா நெட்டை ரிசீவரா, அடியில் திறக்கும் தட்டு உள்ளதா இல்லாததா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஸ்டாக்கின் குடைவு வேறு, ஸ்க்ரூவின் நீளமும் வேறு. முன் ஸ்க்ரூ நீளம் கூடினால் அதன் நுனி ரிசீவருக்குள் எட்டிப் போல்ட்டின் முன் பற்களில் உரசும். ஸ்க்ரூவை இறுக்க இறுக்கப் போல்ட் கனமாவது அதன் அடையாளம். அலுமினியப் படுகையுள்ள ஸ்டாக்குகளுக்குப் பொதுவாக 65 அங்குல-பவுண்டு இறுக்கம் சொல்லப்படுகிறது. மரத்தில் அதே இறுக்கம் நாரை நசுக்கிவிடும் என்பதால் தயாரிப்பாளர் தரும் எண்ணையே பின்பற்றுங்கள். ரைஃபிளைச் செங்குத்தாக நிறுத்தி, பின்முனையை மெத்தையில் மெல்லத் தட்டி, ரிசீவரின் உதைத்தாங்கி ஸ்டாக்கின் பள்ளத்தில் பின்னோக்கிப் படிந்த பிறகே கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். பூட்டியதும், தோட்டா இல்லாமலே, சேஃப்டி நெம்புகோல் முழுத் தூரம் போய்வருகிறதா, டிரிகர் எங்கும் உரசாமல் திரும்புகிறதா, போல்ட்டின் கைப்பிடி ஸ்டாக்கின் வெட்டில் இடிக்காமல் முழுமையாகக் கீழிறங்குகிறதா என்று பாருங்கள். ஸ்டாக்கை மாற்றினால் குண்டு படும் இடமும் மாறும் என்பதால், ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஸ்கோப்பை மறுபடி நேர்ப்படுத்துங்கள். புதிதாகப் பூட்டிய ஸ்க்ரூக்களை முதல் ஒரு பெட்டித் தோட்டா சுட்டு முடிந்ததும் இறுக்கத்தை அளக்கும் திருகியால் திரும்பவும் சரிபாருங்கள், மர ஸ்டாக்கில் அவை சற்றுத் தளர்ந்தே இருக்கும்.