கப்பல் கிரேனுக்கு என்னென்ன சான்றிதழ்கள் வேண்டும்? புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

சரக்குக் கப்பலில் தூக்குக் கருவிகளின் கோப்பு முதன்முதலாக உங்கள் கைக்கு வரும்போது கொஞ்சம் மலைப்பாகத்தான் இருக்கும். தடித்த ஒரு ஃபைல், உள்ளே ஏகப்பட்ட சான்றிதழ்கள், ஒரு பதிவேடு, யாரோ எப்போதோ பென்சிலில் எழுதிவிட்டுப் போன குறிப்புகள். எது இப்போது செல்லும், எது பழையது என்றே பிடிபடாது. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

நான் பொறுப்பேற்ற இரண்டாவது வாரம் ஒரு துறைமுகத்தில் இன்ஸ்பெக்டர் ஏறினார். முதலில் கிரேன் பக்கம் போகவே இல்லை. நேராக ஆபீசுக்கு வந்து பதிவேட்டைத் திறந்து, ஒரே ஒரு ஷாக்கிளின் (கொக்கி, கயிறு போன்றவற்றை இணைக்கும், குறுக்கு ஆணி போட்ட இரும்பு வளையம்) எண்ணைக் குறித்துக்கொண்டார். “வாங்க, இதைப் பார்த்துட்டு வரலாம்” என்றார். இரண்டாம் எண் கிரேனின் கொக்கிக்கு மேலே இருந்த ஷாக்கிளைத் துணியால் துடைத்துப் பார்த்தோம். பளபளப்பான புது ஷாக்கிள், எண் வேறு. பழையது தேய்ந்துவிட்டதால் ஸ்டோரிலிருந்து நல்லதாக ஒன்றை எடுத்து மாட்டியிருக்கிறார்கள். மாற்றியது சரிதான். ஆனால் புதியதன் சான்றிதழ் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. சான்றிதழ் உள்ள வேறொன்றைத் தேடி மாட்டும்வரை அந்தக் கிரேன் நின்றது.

அன்றிலிருந்து இந்த வேலையில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: தாளில் இருக்கும் எண்ணும் இரும்பில் குத்தியிருக்கும் எண்ணும் ஒன்றா? அந்தக் கொக்கிக்குக் கீழே, சரக்கு அறைக்குள் ஆட்கள் இறங்கி வேலை செய்கிறார்கள். ஷாக்கிளைச் சோதித்துப் பார்க்க அவர்களுக்கு வழியில்லை. நம் கையெழுத்தை நம்பித்தான் நிற்கிறார்கள்.

இந்த விதிகள் எங்கிருந்து வருகின்றன

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐஎல்ஓ 1932-இல் 32-ஆம் எண் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. துறைமுகத் தொழிலாளர் விபத்தில் சிக்காமல் காப்பதற்கானது அது. 1979-இல் அதைத் திருத்தி 152-ஆம் எண் உடன்படிக்கை வந்தது. இன்று நாம் நிரப்பும் படிவங்களுக்கெல்லாம் அடிப்படை இதுதான். ஒவ்வொரு நாடும், கப்பல்களைச் சோதித்துத் தரச் சான்று தரும் ஒவ்வொரு கிளாஸ் நிறுவனமும் தன் பாணியில் அச்சடிக்கும். உள்ளே கேட்கும் விவரங்கள் பெரும்பாலும் ஒன்றே.

இதோடு 2026 ஜனவரி 1 முதல், கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையான சோலாஸிலும் கப்பலின் தூக்குக் கருவிகளுக்குத் தனி விதி அமலுக்கு வந்திருக்கிறது. அத்தியாயம் 2-1, விதி 3-13. அதைக் கீழே பார்ப்போம்.

படி 1: முதலில் பட்டியல் போடுங்கள்

ஃபைலை மூடி வைத்துவிட்டு டெக்கில் ஒரு சுற்று நடந்து வாருங்கள். சுமை தூக்கப் பயன்படும் பொருள்கள் கண்ணில் பட்டால் எல்லாவற்றையும் எழுதுங்கள். அவை இரண்டு வகை. கிரேன், டெரிக் (கம்பத்தோடு பொருத்திய நீண்ட கையால் தூக்குவது) போல நிலையாக நின்று தூக்குபவை தூக்குக் கருவிகள். கொக்கி, ஷாக்கிள், கப்பி, வளையம், சங்கிலி, ஸ்லிங் (சுமையைச் சுற்றிக் கட்டுவது), ஸ்ப்ரெடர் (சுமையை அகலமாகப் பிடிக்கும் சட்டம்) போலக் கழற்றி மாட்டக்கூடியவை லூஸ் கியர். இரண்டுக்கும் படிவமும் சோதனை முறையும் வேறு என்பதால் இந்தப் பிரிவை ஆரம்பத்திலேயே சரியாகச் செய்துவிடுங்கள்.

சரக்குக் கிரேனோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். என்ஜின் அறைக்குள் இருக்கும் மேல்நிலைக் கிரேன், உணவுப் பொருள் ஏற்றும் சின்னக் கிரேன், டேங்கர் என்றால் ஹோஸ் தூக்கும் கிரேன், இவற்றைப் பலரும் மறந்துவிடுவார்கள். புதிய சோலாஸ் விதி, எஸ்டபிள்யூஎல் (பாதுகாப்பாகத் தூக்கக்கூடிய அதிகபட்ச எடை) 1000 கிலோவும் அதற்கு மேலும் உள்ள கருவிகளுக்கு முழுமையாகப் பொருந்துகிறது. அதற்குக் குறைந்தவற்றுக்கு எந்த அளவு என்பதைக் கப்பலின் கொடி நாடு (கப்பல் பதிவு செய்யப்பட்ட நாடு) முடிவு செய்யும். உயிர்காப்புப் படகுகளை இறக்கும் தூக்கிகளான டேவிட்டுகளுக்கு வேறு விதிகள் இருப்பதால் அவை இதில் சேராது. சரக்கு அறை மூடிகளைத் திறந்து மூட அவற்றோடு இணைந்தே இருக்கும் பொறிகளும் அப்படியே.

படி 2: எந்தப் படிவம் எதற்கு

படிவம் 1 என்பது பதிவேடு. தாய் ஆவணம் இதுதான். மற்றவை எல்லாம் இதோடு இணைக்கப்படுபவை. படிவம் 2, கிரேன், டெரிக் போன்ற கருவிகளைச் சுமை ஏற்றிச் சோதித்து முழுப் பரிசோதனை செய்ததற்கான சான்றிதழ். இரண்டு டெரிக்குகளைச் சேர்த்து ஒரே சுமையைத் தூக்கும் முறைக்கு யூனியன் பர்ச்சேஸ் என்று பெயர். அதற்குத் தனியாகப் படிவம் 2-யு உண்டு. தனித்தனியே நின்று தூக்கும் எடையைச் சேர்ந்து தூக்கும்போது எடுக்க முடியாது என்பதால், அந்தச் சான்றிதழ் இல்லாமல் இரண்டையும் இணைக்கவே கூடாது. படிவம் 3 லூஸ் கியருக்கு. படிவம் 4 வயர் ரோப்புக்கு, அதாவது எஃகுக் கம்பிக் கயிற்றுக்கு.

படி 3: எண்களைப் பொருத்துங்கள்

இதற்கு மட்டும் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். கம்பித் தூரிகை, துணி, டார்ச், கேமரா எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பொருளிலும் எஸ்டபிள்யூஎல்லும் அடையாள எண்ணும் குத்தப்பட்டிருக்கும். பெயின்ட் பல அடுக்காக ஏறிக் குறி மறைந்திருக்கலாம். மெதுவாகச் சுரண்டி எடுங்கள். ஷாக்கிளில் வில்லின், அதாவது வளைந்த பகுதியின் மேல் பார்க்க வேண்டும். அதன் குறுக்கு ஆணி (பின்) மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். வேறு ஷாக்கிளின் ஆணியை மாட்டியிருந்தால், சோதிக்கப்பட்ட ஜோடி அது இல்லை.

பார்த்த எண்ணைப் படிவம் 3-இல் தேடுங்கள். கிடைத்தால் அந்தச் சான்றிதழின் எண்ணைப் பட்டியலில் அதற்கு நேரே எழுதுங்கள். கிடைக்காவிட்டால் அந்தப் பொருளைக் கழற்றித் தனியாக வையுங்கள். “நல்லாத்தானே இருக்கு” என்று விட்டுவைக்க எனக்கு மனம் வராது. புதிதாக வாங்கும்போதே சான்றிதழோடு வந்ததா என்று பார்த்து ஸ்டோருக்குள் எடுத்தால் இந்தச் சிக்கல் பாதி தீர்ந்துவிடும்.

ஒற்றைச் சக்கரக் கப்பியைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். கப்பியில் ‘5 டன்’ என்று இருந்தால், அதன் சக்கரத்தில் ஓடும் கயிற்றின் ஒரு முனையில் 5 டன் தொங்கவிடலாம் என்று பொருள். மறுமுனையையும் கிட்டத்தட்ட அதே விசையில் இழுத்துப் பிடிக்க வேண்டுமல்லவா? அப்போது கப்பியின் தலையில் விழும் பாரம் ஏறத்தாழ 10 டன். ஆகவே, அதைத் தாங்கிப் பிடிக்கும் ஷாக்கிள் 10 டன்னுக்கானதாக இருக்க வேண்டும். 5 டன் ஷாக்கிள் போட்டால் காகிதத்தில் எண்கள் அழகாகப் பொருந்தும், மேலே ஷாக்கிள் தன் அளவைப்போல இரு மடங்கு சுமக்கும். சான்றிதழில் இந்தக் கப்பியின் சோதனைச் சுமை எஸ்டபிள்யூஎல்லைப்போல 4 மடங்கு, அதாவது 20 டன் என்று இருப்பதற்கும் இதுவே காரணம்.

படி 4: தேதிகள்

இரண்டு தேதிகளை மனதில் வைத்தால் போதும். தகுதி பெற்ற நபரின் முழுப் பரிசோதனை 12 மாதத்துக்கு ஒருமுறை. தூக்குக் கருவிகளுக்கும் லூஸ் கியருக்கும் இரண்டுக்குமே. சுமைச் சோதனை, கப்பலின் தூக்குக் கருவிகளுக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை. இது தவிர முதன்முதலாகப் பயன்படுத்தும் முன்பும், முக்கியமான பாகத்தை மாற்றியோ பழுது பார்த்தோ முடித்த பின்பும் சுமைச் சோதனை கட்டாயம்.

லூஸ் கியருக்கு 5 ஆண்டுச் சோதனை உண்டா என்று அடிக்கடிக் கேட்பார்கள். உடன்படிக்கை அதைக் கேட்கவில்லை. முதல் பயன்பாட்டுக்கு முன் ஒருமுறை, மாற்றம் செய்தாலோ பழுது பார்த்தாலோ மறுபடி ஒருமுறை, அவ்வளவுதான். அதனால் 15 ஆண்டுக்கு முந்தைய ஷாக்கிள் சான்றிதழைப் ‘பழசு’ என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள்! அந்த ஷாக்கிள் வேலையில் இருக்கும்வரை அந்தத் தாளும் இருக்க வேண்டும்.

ஏற்கெனவே கப்பலில் இருக்கும் தூக்குக் கருவிகளுக்குச் சோலாஸ் தரும் கெடு, 2026 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் புதுப்பித்தல் சர்வே (கப்பலின் சான்றிதழைப் புதுப்பிப்பதற்கான ஆய்வு). அதற்குள் சுமைச் சோதனையும் முழுப் பரிசோதனையும் முடிந்து, எஸ்டபிள்யூஎல் நிரந்தரமாகக் குறிக்கப்பட்டு, அதற்கான ஆவணமும் கையில் இருக்க வேண்டும். பட்டியலில் என்ஜின் அறைக் கிரேனைச் சேர்க்கச் சொன்னது இதற்காகத்தான். பழைய கப்பல்களில் பலசமயம் அதற்குப் பதிவேட்டில் ஒரு வரிகூட இருக்காது.

படி 5: சோதனை நாளில் தாளில் என்ன எழுதப்படுகிறது

கிரேனுக்கு எவ்வளவு சுமை ஏற்ற வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. எஸ்டபிள்யூஎல் 20 டன் வரை என்றால் 25 சதவீதம் கூடுதல். 20-க்கு மேல் 50 வரை 5 டன் கூடுதல். 50-க்கு மேல் 10 சதவீதம். அப்படியானால் 16 டன் கிரேனுக்கு 20 டன், 30 டன் கிரேனுக்கு 35 டன், 80 டன் கிரேனுக்கு 88 டன். கொக்கி, ஷாக்கிள் வகைக்கு 25 டன் வரை இரு மடங்கு. சான்றிதழை வாங்கியதும் இந்தக் கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். சோதித்துச் சான்று தரும் சர்வேயரும் மனிதர்தான், எண் மாறிப்போவதுண்டு.

படிவம் 2-இல் அடுத்துப் பார்க்க வேண்டியது, எந்த ஆரத்தில் (கிரேனின் மையத்திலிருந்து கொக்கி வரையிலான கிடைத் தூரம்) சோதித்தார்கள் என்ற பத்தி. டெரிக் என்றால் கிடைமட்டத்திலிருந்து எத்தனை டிகிரி கோணம் என்று இருக்கும். கை நீள நீளக் கிரேனின் தூக்கும் திறன் குறையலாம். ஆரத்துக்கேற்ப எஸ்டபிள்யூஎல் மாறும் கிரேனுக்கு ஒரே ஒரு எண்ணை மட்டும் எழுதியிருந்தால் அந்தத் தாள் முழுமையானது இல்லை. அங்கேயே, கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

எடைக் கட்டிகளுக்குப் பதில் அளவுமானி வைத்து இழுத்துச் சோதித்தால், அதன் துல்லியம் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், முள் குறைந்தது 5 நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். அளவுமானியின் அளவுத்திருத்தச் சான்றிதழின் நகலையும் கேட்டு வாங்கி, படிவத்தோடு சேர்த்து வையுங்கள்.

படி 6: வயர் ரோப்

வயர் ரோப்பைக் கொக்கியைப் போலச் சுமை ஏற்றிச் சோதிப்பதில்லை. அதிலிருந்து ஒரு மாதிரித் துண்டை வெட்டி, அறும்வரை இழுப்பார்கள். அறுந்த அளவு படிவம் 4-இல் இருக்கும். அதோடு விட்டம், எத்தனை புரி (கம்பிகளை முறுக்கிய இழை), புரிக்கு எத்தனை கம்பி, கம்பியின் வலிமை எல்லாம் இருக்கும்.

இந்தக் கம்பி எண்ணிக்கை வெறும் விவரம் அல்ல. ரோப்பில் அதன் விட்டத்தைப்போல 10 மடங்கு நீளத்துக்குள், கண்ணுக்குத் தெரியும் அறுந்த கம்பிகள் மொத்தத்தில் 5 சதவீதத்தைத் தாண்டினால் அந்த ரோப்பைப் பயன்படுத்தக் கூடாது. உங்கள் ரோப் 24 மில்லிமீட்டர் விட்டம், 6 புரி, புரிக்கு 36 கம்பி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 216 கம்பி. 5 சதவீதம் 10.8. ஆக, 240 மில்லிமீட்டர் நீளத்துக்குள் 11 கம்பி அறுந்திருந்தால் அந்த ரோப்பைக் கழற்றிவிட வேண்டும். நான் இந்த இரண்டு எண்களை ஒவ்வொரு ரோப்பின் சான்றிதழ் மூலையிலும் சின்னதாக எழுதி ஒட்டி வைத்திருப்பேன். மேலே ஏறி நிற்கும்போது கணக்குப் போட நேரம் இருக்காது. அறுந்த கம்பி குறைவாக இருந்தாலும் துரு, நசுங்கல், தேய்மானம் தெரிந்தால் எண்ணிக்கைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

படி 7: பதிவேட்டில் எழுதுவது

பதிவேட்டில் முதல் பகுதி ஆண்டுப் பரிசோதனைக்கு. அதில் தகுதி பெற்ற நபர் கையெழுத்திடுவார். லூஸ் கியரை வழக்கமாகப் பார்ப்பதற்கான பகுதி தனி. அதில் கப்பலில் அந்தப் பொறுப்பு கொடுக்கப்பட்டவர், பெரும்பாலும் சீஃப் ஆபீசர், எழுதுவார். குறை இருந்தால் அதை அப்படியே எழுதுங்கள். ‘எல்லாம் நன்று’ என்று வரிசையாக இருக்கும் பதிவேட்டைவிட, ‘நாலாம் எண் கொக்கியின் நாக்கு உடைந்தது, மாற்றப்பட்டது, புதிய எண் இது, சான்றிதழ் எண் இது’ என்று இருக்கும் பதிவேட்டை எந்த இன்ஸ்பெக்டரும் அதிகம் நம்புவார். பதிவேட்டையும் சான்றிதழ்களையும் கடைசிப் பதிவுக்குப் பிறகும் குறைந்தது 5 ஆண்டு பத்திரமாக வையுங்கள்.

அப்புறம், டெக்கில் வேலை செய்பவர்களோடு ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஷாக்கிளோ கொக்கியோ மாற்றினால், கழற்றியதை உங்கள் மேசைக்குக் கொண்டுவந்து தர வேண்டும். வேறு எந்தப் படிவமும் அவர்கள் நிரப்பத் தேவையில்லை. பழைய இரும்பு மேசைமேல் வந்து உட்கார்ந்ததும், பதிவேட்டில் ஒரு எண்ணை அடித்து இன்னொன்றை எழுத வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.