ஏபிஎஸ் விளக்கு அணையவில்லையா? சென்சார் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

ஓங்கிப் பிரேக் மிதித்தாலும் வீல் லாக் ஆகாமல் தடுப்பது ஏபிஎஸ். காரில் அதன் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால், பலர் கடைக்குப் போய், ஒவ்வொரு வீலிலும் வேகத்தை அளக்கும் வீல் ஸ்பீடு சென்சார் ஒன்றை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். இரண்டு நாளில் விளக்கு மறுபடியும் எரிகிறது. பழுது சென்சாருக்குப் போகும் வயரில் இருந்திருக்கும். வீல் பக்கத்தில் வருகிற பழுதுகளைக் கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டர், ஏபிஎஸ் பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனர், ஜாக்கி, ஸ்டாண்டு, டார்ச் லைட் இருந்தால் போதும்.

முதலில், வண்டியை எடுக்கலாமா?

மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும். ஆனால் ஓங்கி மிதித்தால் வீல் லாக் ஆகிவிடும், மழையில் கவனம். அதோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிகிறதா? ஹேண்ட் பிரேக்கை முழுசாக இறக்கிவிட்டு பிரேக் ஆயில் அளவைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தும் இரண்டும் எரிந்தால், முன் பின் வீல்களுக்குப் பிரேக் அழுத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் இபிடி நின்றுபோயிருக்கலாம். பின் வீல் முதலில் லாக் ஆகி வண்டி சுழலும் ஆபத்து உண்டு, எடுக்க வேண்டாம்.

டிராக்‌ஷன் கண்ட்ரோல் (வீல் வழுக்காமல் பார்க்கும் அமைப்பு) விளக்கு ஓடும்போது மினுக்கினால் அது பழுதல்ல, வழுக்கும் வீலைப் பிடிக்கிறது என்று அர்த்தம். ஏபிஎஸ் விளக்கோடு சேர்ந்து நிலையாக எரிந்தால் தனியாகத் தேட வேண்டாம். இரண்டுக்கும் அதே நான்கு சென்சார்கள்தான், ஏபிஎஸ் சரியானால் அதுவும் அணையும். டிராக்‌ஷன் மட்டும் தனியாக எரிந்தால், யாராவது ஆஃப் பட்டனை அழுத்தியிருக்கிறார்களா, பிரேக் லைட் சுவிட்ச் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். வீல் அலைன்மென்ட் செய்த பிறகோ பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகோ எரிய ஆரம்பித்திருந்தால், ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று அளக்கும் ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சார் மேல் சந்தேகப்படுங்கள். சில வண்டிகளில் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பினால் சரியாகிவிடும், மற்றவற்றுக்கு ஸ்கேனரில் ரீசெட் செய்ய வேண்டும்.

ஜாக்கி போடும் முன்

1. பேட்டரி: இன்ஜின் அணைந்திருக்கும்போது 12.4 வோல்ட்டுக்குக் குறையக்கூடாது. ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். வோல்டேஜ் குறைந்தாலே ஏபிஎஸ் தன்னை அணைத்துக்கொள்ளும்.

2. பியூஸ்: ஏபிஎஸ்ஸுக்கு ஒன்றுக்கு மேல் இருக்கும். பம்ப் மோட்டாரின் பெரிய பியூஸ் இன்ஜின் அறைப் பெட்டியில் இருக்கும், அதை விட்டுவிடாதீர்கள்.

3. டயர்: நான்கும் ஒரே அளவா? சின்ன ஸ்டெப்னி மாட்டியிருந்தால் அந்த வீல் வேகமாகச் சுற்றும், கணக்கு உதைக்கும்.

4. விளக்கு எப்போது வருகிறது? சாவி போட்டு சில நொடியில் அணையாமல் அப்படியே நின்றால், பெரும்பாலும் வயர் அறுந்தது மாதிரி மின் பழுது. அணைந்துவிட்டு, வண்டி நகர்ந்த பின் எரிந்தால் சிக்னல் வரவில்லை: டோன் ரிங் (வீலோடு சுற்றும் பல் வளையம், இதைத்தான் சென்சார் படிக்கிறது), அழுக்கு, ரிங்குக்கும் சென்சாருக்கும் நடுவே கூடிய இடைவெளி. விளக்கே எரியாமல், நிற்கப்போகும் நேரத்தில் மெதுவான வேகத்தில் பெடல் கடகடவென்று உதைத்தால் டோன் ரிங்கில் விரிசல் இருக்க வாய்ப்பு அதிகம்.

ஸ்கேனர்

மலிவான புளூடூத் ஸ்கேனர்களில் பல இன்ஜினின் பழுதுக் குறியீடுகளை (கோடு) மட்டுமே படிக்கும். நமக்கு வேண்டியது ‘சி’ என்று தொடங்கும் கோடு. பொதுவாக சி0035 முன் இடது, சி0040 முன் வலது, சி0045 பின் இடது, சி0050 பின் வலது. கம்பெனிக்குக் கம்பெனி மாறும், மேனுவலோடு ஒப்பிடுங்கள். சீட்டில் உட்கார்ந்து முன்னால் பார்க்கும்போது வரும் இடது வலதுதான் கணக்கு. கோடு ‘இந்தப் பக்கத்து சர்க்யூட்டில் கோளாறு’ என்று மட்டுமே சொல்கிறது, ‘சென்சாரை மாற்று’ என்று சொல்லவில்லை. 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டும்போது பக்கத்தில் இருப்பவர் ஸ்கேனரில் ஒவ்வொரு வீலின் வேகத்தையும் (லைவ் டேட்டா) பார்க்கட்டும். மூன்று வீல் 20 காட்ட, ஒன்று 0 காட்டினாலோ குதித்தாலோ அதுதான் ஆள்.

வீலைக் கழற்றி

சமதரையில் நிறுத்தி, மற்ற வீல்களுக்குக் கட்டை வைத்து, ஸ்டாண்டு போட்ட பிறகே கை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள்.

சென்சாரிலிருந்து கப்ளர் (வயர் இணைப்பு) வரை வயரை விரலால் தடவிக்கொண்டே போங்கள். முன் வீலில் வயர் ஸ்டீயரிங்கோடு வளைந்து நிமிர்வதால், ஷாக் அப்சார்பர் கிளிப்புக்குப் பக்கத்தில் உள்ளே அறுந்துவிடும். மேல் உறை பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் அந்த இடத்தை மெதுவாக இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும், உள்ளே செம்பு இல்லை. ஷாக் மாற்றியபோது கிளிப்பை மாட்டாமல் விட்டிருந்தால் டயரில் உரசிய தடமும் தெரியும். எலி கடித்ததையும் பாருங்கள். கப்ளரைக் கழற்றி, உள்ளே தண்ணீரோ பச்சைக் களிம்போ இருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடியுங்கள்.

அடுத்து மீட்டர். தானே மின்சாரம் உண்டாக்கும் பழைய பாஸிவ் வகை சென்சாரில் சுமார் 800 முதல் 2500 ஓம் காட்டும். எதிர்ப்பக்கத்துச் சென்சாரோடு ஒப்பிடுங்கள். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து வீல் மாட்டும் ஹப்பைக் கையால் சுற்றினால் வோல்ட் ஏற வேண்டும். இப்போதைய கார்களில் பெரும்பாலும், வண்டியிலிருந்து மின்சாரம் வாங்கி வேலை செய்யும் ஆக்டிவ் வகை. அதை ஓமில் அளந்து பயனில்லை. கப்ளரைக் கழற்றி, சாவியைப் போட்டு, வண்டிப் பக்கத்து இரண்டு பின்களுக்கிடையே டிசி வோல்ட் பாருங்கள். பல வண்டிகளில் 12க்கு அருகில் வரும். வந்தால் அதுவரை வயர் சரி, சென்சாரையோ ரிங்கையோ பாருங்கள். 0 என்றால் புது சென்சார் வாங்கிப் பயனில்லை.

டோன் ரிங்கை ஒரு முழுச் சுற்று பார்க்கவும். பல் உடைந்ததா, துரு ஏறித் தூக்கிக்கொண்டதா? சில வண்டிகளில் ரிங் இருக்காது, வீல் பேரிங்கின் சீலிலேயே காந்தப் பட்டை இருக்கும். பேரிங் மாற்றிய பிறகு விளக்கு வந்திருந்தால், அதைத் தலைகீழாக அடித்துவிட்டார்களா என்று கேளுங்கள். அப்படியானால் அந்தப் பேரிங்கை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

சென்சார் மாற்றுவது

பெரும்பாலும் ஒரே ஒரு 10 எம்எம் தலை போல்ட். துரு நீக்கும் ஸ்பிரே அடித்து அரை மணி நேரம் விட்டு, சென்சாரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி எடுங்கள். நெம்பினால் பிளாஸ்டிக் உடைந்து முனை உள்ளே மாட்டிக்கொள்ளும். துளையில் இருக்கும் துருவை எமரி பேப்பரால் எடுக்காமல் புதியதை வைத்தால் சென்சார் முழுசாக உட்காராது, இடைவெளி கூடிவிடும். போல்ட்டை இறுக்கும் அளவு சுமார் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர், மேனுவலில் சரிபார்க்கவும். வயரைப் பழைய கிளிப்புகள் எல்லாவற்றிலும் மாட்டி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் திருப்பி, எங்கும் இழுக்கவில்லையே என்று பாருங்கள். வளையும் இடத்தில் அறுந்த வயரை ஈயம் வைத்து ஒட்டினால் பக்கத்திலேயே மறுபடி அறும். சென்சாரோடு வரும் முழு வயரையும் மாற்றுங்கள்.

ஸ்கேனரில் பழுதுக் குறியீட்டை அழித்து, காலி ரோட்டில் 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்டிப் பாருங்கள். சில வண்டிகள் ஓடிய பிறகே விளக்கை அணைக்கும்.

கோடு பம்ப் மோட்டாரையோ மாட்யூலையோ (ஏபிஎஸ்ஸைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) காட்டினால், அதன் பியூஸ், எர்த் வயர், கப்ளர் வரைதான் உங்கள் வேலை. பிரேக் பைப்பைக் கழற்றினால் உள்ளே காற்று போகும், பல வண்டிகளில் ஸ்கேனர் வைத்துத்தான் அதை வெளியேற்ற முடியும்.